கவுன்சில் பட்ஜெட்டுக்குக் கருத்து எழுதினால் என் ரேட்ஸ் குறையுமா?

கேள்வி: மெல்பர்னின் மேற்குப் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்கள் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வரைவு பட்ஜெட்டை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. 2025-26க்கு ரேட்ஸ், அதாவது கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி, 3 சதவீதம்தான் ஏறும் என்றார்கள், எங்களுக்கு வந்த நோட்டீஸில் கிட்டத்தட்ட 12 சதவீதம் ஏறியிருந்தது. இந்த முறையும் உச்சவரம்புக்குள்தான் என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 350 டாலர் கொடுத்தால் எங்கள் சார்பில் கவுன்சிலுக்கு எழுதிக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? நானே எழுதுவதென்றால் என்ன எழுதுவது? எங்களோடு இருக்கும் அம்மாவிடம் பென்ஷன் அட்டை இருக்கிறது, அதைக் காட்டி ஏதாவது கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த 350 டாலரை எடுத்துப் பத்திரமாக உள்ளே வையுங்கள். பட்ஜெட்டுக்குக் கருத்து எழுதுவது இலவசம். உங்கள் வீட்டின் மதிப்பீட்டை ஆட்சேபிப்பதும் இலவசம். இரண்டையும் நீங்களே செய்யலாம். அந்த ஆள் இவற்றில் எதைச் செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, ஏனென்றால் பட்ஜெட்டுக்கு எழுதி ஒரு தனி வீட்டின் ரேட்ஸைக் குறைக்க யாராலும் முடியாது. நான் ஒரு கவுன்சிலின் நிதிப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன், அப்படி ஒரு மனு ஜெயித்து நான் பார்த்ததில்லை.

சரி, 3 சொன்னது எப்படி 12 ஆனது? நம் விக்டோரியா மாநிலத்தில் 2016-17லிருந்து ரேட்ஸுக்கு உச்சவரம்பு உண்டு, உள்ளாட்சித் துறை அமைச்சர் ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கிறார். 2023-24க்கு 3.5, 2024-25க்கு 2.75, 2025-26க்கு 3 சதவீதம். கவுன்சில்கள் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால் அந்த வரம்பு கவுன்சில் முழுக்க எடுத்த சராசரிக்குத்தான், உங்கள் வீட்டுக்கு அல்ல. இதை நோட்டீஸில் சொல்லத்தான் செய்கிறார்கள், ஆனால் பலர் கண்ணில் படுவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ரேட்ஸை வீட்டு மதிப்பின் விகிதத்தில்தான் பிரிக்கிறார்கள். ஒரு கவுன்சிலில் மொத்தமே பத்து வீடு, ஒவ்வொன்றும் 5 லட்சம் டாலர் என்று வையுங்கள். கவுன்சிலுக்குத் தேவை 20,000 டாலர். ஆளுக்கு 2,000 வந்துவிடும். அடுத்த வருஷம் 3 சதவீதம் ஏற்றி 20,600 வசூலிக்கிறார்கள். ஒன்பது வீடுகளின் மதிப்பு அப்படியே இருக்க, உங்கள் வீடு மட்டும் 5,50,000 ஆகிவிட்டது. இப்போது உங்கள் பங்கு ஏறத்தாழ 2,244 டாலர், அதாவது 12 சதவீதம் கூடுதல். மற்ற ஒன்பது பேருக்கும் ஏறியது 2 சதவீதம்தான். கவுன்சில் சட்டத்தை மீறவில்லை, சராசரி சரியாக 3. உங்கள் தெருவில் ஒரு புது ரயில் நிலையமோ பள்ளியோ வந்து வீட்டு விலை மற்ற இடங்களைவிட வேகமாக ஏறினால் இதுதான் நடக்கும். எல்லார் வீட்டு மதிப்பும் ஒரே விகிதத்தில் ஏறினால் மதிப்பு ஏறியதற்காக யாருக்கும் ஒரு டாலர்கூடக் கூடாது. வீட்டு மதிப்பு ஏறினால் கவுன்சிலுக்குப் பணம் கொட்டுகிறது என்று நம்மவர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து பேசுவது தப்பு. மொத்தத் தொகை மாறுவதில்லை, யார் எவ்வளவு சுமப்பது என்பதுதான் மாறுகிறது.

ஆக, உங்கள் தனி பில்தான் கவலை என்றால் தட்டவேண்டிய கதவு வேறு. மதிப்பீட்டைச் செய்வது கவுன்சில் அல்ல, மாநிலத்தின் தலைமை மதிப்பீட்டாளரான வேல்யுவர் ஜெனரல், ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 நிலவரப்படி. நோட்டீஸில் சி.ஐ.வி. என்று ஒரு எண் இருக்கும், நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பு அது. ஜனவரி 1க்கு முன்பின் உங்கள் தெருவில் உங்களுடையதைப் போன்ற வீடுகள் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு விற்றிருந்தால் ஆட்சேபியுங்கள். நோட்டீஸ் தேதியிலிருந்து இரண்டு மாதம் அவகாசம். ஆட்சேபித்துவிட்டேன் என்று ரேட்ஸ் கட்டாமல் இருக்காதீர்கள், தவணை தவறினால் வட்டி ஓடும். ஜெயித்தால் பிறகு சரிசெய்து தருவார்கள். "என்னால் கட்ட முடியவில்லை", "போன வருஷம் இவ்வளவு இல்லை" என்பதெல்லாம் மதிப்பீட்டு ஆட்சேபத்தில் செல்லாது. கட்ட முடியாவிட்டால் கவுன்சிலைக் கூப்பிட்டு 'ஹார்ட்ஷிப்' (பணக் கஷ்டம்) என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், தவணைத் திட்டம் போட்டுத் தருவார்கள். அதற்கும் ஏஜென்ட் வேண்டாம்.

ஏஜென்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸ் அனுப்பும் பருவத்தில் "உங்கள் ரேட்ஸ் பாக்கி, உடனே கட்டுங்கள்" என்று லிங்கோடு போனுக்குக் குறுஞ்செய்தி வரும். தொடாதீர்கள். கையிலிருக்கும் நோட்டீஸில் உள்ள பில்லர் எண்ணை வைத்து, உங்கள் வங்கிக்குள் நீங்களே போய்க் கட்டுங்கள். "ரேட்ஸ் ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்" என்று ஓட்டுநர் உரிமம், அரசு சேவைகளுக்கான மைகவ் கணக்கின் கடவுச்சொல் கேட்பவர்களும் உண்டு, நம் ஆட்களே நம் ஆட்களிடம் தமிழில் கேட்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதால்தான் இவர்களிடம் போகிறோம். அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450க்குக் கூப்பிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கவுன்சிலோடு இணைத்துவிடுவார்கள். பெரும்பாலான கவுன்சில்கள் அந்தச் செலவை ஏற்றுக்கொள்கின்றன.

நோட்டீஸை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். 12 சதவீதம் என்பது அடியில் உள்ள மொத்தத் தொகையை வைத்துப் போட்ட கணக்கா, பொது ரேட்ஸ் வரியை மட்டும் வைத்தா? மொத்தம் என்றால் அதில் மூன்று வேறு சங்கதிகள் கலந்திருக்கும். குப்பைக் கட்டணம் தனி, அது உச்சவரம்புக்கு வெளியே. சில கவுன்சில்களில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாக முனிசிபல் கட்டணம் ஒன்று இருக்கும். மூன்றாவது, 2025 ஜூலை 1 முதல் பழைய தீயணைப்பு வரிக்குப் பதிலாக வந்த 'அவசர சேவைகள், தன்னார்வலர் நிதி' என்ற வரி. இது மாநில அரசின் பணம், கவுன்சில் வெறும் தபால்காரன். மாநிலம் வரி போடும், திட்டு வாங்குவது கவுன்சில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண். இதைப் பற்றிப் பட்ஜெட் கருத்தில் எழுதினால் "எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்று ஒரு வரிப் பதில் வரும், அவ்வளவுதான். உங்கள் மாநில எம்.பி.க்கு எழுதுங்கள்.

அப்படியானால் பட்ஜெட் கருத்துக்கேட்பு வெறும் சடங்கா? பாதி சடங்குதான், மறைப்பானேன். பழைய 1989 உள்ளாட்சிச் சட்டத்தில் வரைவு பட்ஜெட்டை 28 நாள் மக்கள் பார்வைக்கு வைத்து, மனு கொடுத்தவர் கேட்டால் நேரில் பேசவும் விட வேண்டும் என்று இருந்தது. 2020 சட்டம் அதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே எழுதிக்கொள்ளும் மக்கள் பங்கேற்புக் கொள்கையிடம் ஒப்படைத்துவிட்டது. சில கவுன்சில்கள் நன்றாகவே செய்கின்றன. சில கவுன்சில்களில் வண்ண வண்ணமாக ஒரு ஆன்லைன் சர்வே: பூங்கா முக்கியமா, சாலை முக்கியமா, நூலகம் முக்கியமா, நகர்த்துங்கள். யாருக்குத்தான் பூங்கா வேண்டாம்? இதை நகர்த்தி எந்தச் செலவும் மாறியதில்லை, ஆனால் "இத்தனை பேர் பங்கேற்றார்கள்" என்று ஆண்டறிக்கையில் எழுத ஒரு எண் கிடைக்கிறது. ஏப்ரல், மே வாக்கில் வரைவு வருகிறது, ஜூன் 30க்குள் நிறைவேற்றியாக வேண்டும், நடுவில் சில வாரம். மொத்தத் தொகையைத் திருத்தும் மனநிலையில் அப்போது யாரும் இருப்பதில்லை.

ஆனால் சின்ன விஷயம் மாறும், நானே பார்த்திருக்கிறேன். வரைவு பட்ஜெட்டின் முன்பக்கத்து மேயர் உரையை விட்டுவிட்டுப் பின்னால் இருந்து படியுங்கள். அங்கே இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று மூலதனப் பணிகள்: எந்தத் தெருவில் நடைபாதை, எந்த மைதானத்தில் விளக்கு, எவ்வளவு டாலர் என்று வரி வரியாக. இன்னொன்று கட்டணப் பட்டியல்: நீச்சல் குளம், மண்டப வாடகை, பர்மிட் எல்லாம் அதில். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடத்த கவுன்சில் மண்டபம் எடுக்கிறீர்களா? அந்த வாடகை எவ்வளவு ஏறுகிறது, லாபநோக்கற்ற அமைப்புக்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று அதில்தான் பார்க்க வேண்டும். "பட்டியலில் இந்தப் பக்கம், இந்த வரி, இந்தத் தொகையை இவ்வளவாக மாற்றுங்கள், காரணம் இது" என்று அரைப் பக்கம் எழுதுங்கள். உங்கள் தெரு நடைபாதை பட்டியலில் இல்லையென்றால், ஏன் இல்லை, எந்த வருஷம் வரும் என்று கேளுங்கள். அதற்கு ஒரு அதிகாரி பதில் எழுதியாக வேண்டியிருக்கும், அந்தப் பதில் கவுன்சிலர்கள் கைக்குப் போகும். அடுத்த வருஷம் பட்டியல் தயாராகும்போது அந்தக் காகிதம் வேலை செய்யும். அந்தப் பட்டியல் முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே உருவாக ஆரம்பித்துவிடுகிறது, அப்போதே உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் மே மாதத்து மனுவைவிடப் பலன் அதிகம். இதை எந்தக் கவுன்சிலும் விளம்பரம் செய்வதில்லை.

குழுவில் சுற்றும் ஒரே வாசக மனுவை வெட்டி ஒட்டி அனுப்பாதீர்கள். கட்டுக் கட்டாக வரும் அப்படிப்பட்ட மனுக்களை நாங்கள் ஒரே வரியில் சுருக்கிவிடுவோம்: "பலர் ரேட்ஸ் உயர்வை எதிர்த்தனர்." உங்கள் கைப்பட எழுதிய இலக்கணப் பிழையுள்ள நான்கு வரி அதைவிட மேல். தமிழில் எழுதினாலும் அனுப்புங்கள், மொழிபெயர்ப்பது அவர்கள் பாடு.

வீடு, கடை, விவசாய நிலம் ஆகியவற்றுக்கு வேறு வேறு விகிதம் போடுவது பற்றிக் கேட்க நினைத்தால், அது நான்கு ஆண்டுக்கொரு முறை எழுதும் வருவாய், ரேட்டிங் திட்டத்தில் வருவது. 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு 2025 ஜூனில் முடிந்திருக்கும். அதைப் பற்றி இப்போது மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை.

இனி அம்மாவின் அட்டை. இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பென்ஷனர் கன்செஷன் அட்டை உள்ளவருக்கு அவர் வசிக்கும் வீட்டின் ரேட்ஸில் பாதி, ஒரு உச்சத் தொகைக்குள், சலுகை உண்டு. ஹெல்த் கேர் அட்டைக்குக் கிடையாது, முதலில் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெற்றோர் விசாவில் வந்தவர்களுக்குப் பொதுவாக இங்கே 10 ஆண்டு வாழ்ந்த பிறகுதான் முதியோர் பென்ஷனே என்பதால், பலரிடம் இருப்பது வேறு அட்டையாக இருக்கும். சரி, அட்டை சரியானதுதான் என்றே வைத்துக்கொள்வோம். அவர் அந்த வீட்டில் குடியிருந்தால் மட்டும் போதாது, ரேட்ஸ் கட்டும் பொறுப்பும் அவருக்கு இருக்க வேண்டும். பத்திரத்தில் உங்கள் பெயரும் மனைவி பெயரும் மட்டும் இருந்தால், அம்மா 15 வருஷம் அங்கே இருந்து சமைத்துப் போட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்த்திருந்தாலும் கிடைக்காது. அம்மாவும் ஒரு உரிமையாளர் என்றால் கிடைக்கும், மற்ற உரிமையாளர்களிடம் அட்டை இல்லாவிட்டாலும் விண்ணப்பியுங்கள்.

உடனே "அப்போ அம்மா பெயரைப் பத்திரத்தில் சேர்த்துவிடலாமே" என்று தோன்றும், அந்த வாட்ஸ்அப் ஆளும் அதையே சொல்வார். செய்யாதீர்கள். சலுகை வருஷத்துக்குச் சில நூறு டாலர். பெயர் சேர்ப்பதில் முத்திரை வரி வரலாம், வங்கிக் கடன் இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும், பிற்காலத்தில் மூலதன ஆதாய வரியிலும் அண்ணன் தம்பி பங்கிலும் இழுபறி வரும். ஏற்கெனவே அவர் பெயர் இருந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் மட்டும் கவுன்சிலுக்குப் போன் போடுங்கள், முந்தைய காலத்துக்கும் சேர்த்துத் தர முடியுமா என்று அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். கேட்காதவர்களுக்கு அவர்களாக எடுத்துச் சொல்லமாட்டார்கள்.