வயலில் நிற்பது எந்தக் கொக்கு?

கேள்வி: நடவு சமயத்தில் எங்கள் வயலுக்கு வரும் வெள்ளைக் கொக்குகளில் சிலவற்றின் அலகு மஞ்சளாகவும் சிலவற்றின் அலகு கறுப்பாகவும் இருக்கிறது. இது ஆண், பெண் வேறுபாடா? வரப்பில் பழுப்பாக உட்கார்ந்திருந்து, பறந்ததும் வெள்ளையாகிவிடும் பறவை எது?

பதில்: கொக்குகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், நீங்கள் பார்த்தவை வெவ்வேறு இனங்கள். மஞ்சள் அலகும் குட்டையான கழுத்துமாக, மாடுகளின் காலடியிலும் உழும் டிராக்டரின் பின்னாலும் நடந்து, கிளம்பும் வெட்டுக்கிளிகளைக் கொத்துவது உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலை, கழுத்து, முதுகு ஆகியவை ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம் பெறுவதால் வேறு பறவையோ என்று பலர் ஏமாறுவதுண்டு.

கறுப்பு அலகுடன் தேங்கிய நீரில் நின்று, ஒரு காலால் சேற்றைக் கிளறி மீன்களை வெருட்டிப் பிடிப்பது சின்னக் கொக்கு. ஆனால் அலகை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். பெரிய கொக்கின் மஞ்சள் அலகும் இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். சின்னக் கொக்கு கால் தூக்கும்போது கவனியுங்கள்: கறுப்புக் காலின் நுனியில், மஞ்சள் காலுறை மாட்டியதுபோல் விரல்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். பெரிய கொக்குக்கு விரல்களும் கறுப்புதான். அதன் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னே நீளும்.

வரப்பில் இருந்தது மடையான். மடித்த சிறகின் வெண்மையைப் பழுப்பு முதுகு மறைத்துவிடுகிறது. மிக அருகில் போகும்வரை அசையாமல் நிற்பதால் அதைக் குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். உண்மையில் அதன் பார்வை கூர்மையானது.