300 மாத நீச்சல் வகுப்பு

கேள்வி: எனக்கு வயது 33, கணவருக்கு 35. இருவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 6, மகனுக்கு 2. 48 வயதில் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதுவரை சேர்த்ததெல்லாம் பழைய கடனை அடைக்கப் போய்விட்டது; பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறோம். வருமானத்தில் 35 சதவீதம் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம். அதை 60 ஆக்கியே தீருவது என்று எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவை நிறுத்தியாயிற்று. மகளின் நீச்சல் வகுப்பும் நின்றது. "மாசாமாசம் போற ஒவ்வொரு செலவும் இலக்குல 300 மடங்கு" என்கிறார். காரை மட்டும் தொடக் கூடாதாம். போன வாரம் கடையில் மகள் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்தாள். விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா கணக்குல இது வராதுல்லம்மா?" என்று திரும்ப வைத்துவிட்டாள். "பாத்தியா, என்ன பொறுப்பு!" என்று அவர் பூரித்துப்போனார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான்தான் தப்பாக யோசிக்கிறேனா? அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுக்கலாமா, கூடாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவரின் கணக்கை முதலில் அவர் பக்கம் உட்கார்ந்தே பார்த்துவிடுவோம். ஏனென்றால் அதில் பாதி சரி.

உங்கள் இருவருடைய வருட வருமானம் 100 என்று வையுங்கள். 65 செலவு, 35 சேமிப்பு. வருடச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்தால் வேலையை விடலாம் என்பது இந்த முன்கூட்டிய ஓய்வுக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கும் அளவுகோல். அப்படியானால் இலக்கு 1,625. விலைவாசி உயர்வைக் கழித்தபின் 4 சதவீதம் வளர்கிற முதலீட்டில் போட்டுவந்தால் அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 27 வருடம். செலவை 50 ஆக்கினால் 18 வருடத்துக்குள் முடிந்துவிடும். 40 ஆக்கினால் 13. செலவைக் குறைப்பதில் சேமிப்பும் ஏறுகிறது, எட்ட வேண்டிய இலக்கும் இறங்குகிறது. அதனால்தான் வருடங்கள் இப்படிச் சரிகின்றன. 35 வயதுக்காரர் 48 என்று சொல்வது இங்கிருந்துதான் வந்திருக்கிறது. மாதச் செலவில் ஒன்று குறைந்தால் வருடத்துக்கு 12, அதன் 25 மடங்கு 300. அதுவும் சரியான பெருக்கல்தான்.

ஆனால் எதை 300-ஆல் பெருக்குவது? சாகும்வரை தொடரும் செலவை. வாடகை, மின்சாரம், மருந்து, போக்குவரத்து. உங்கள் மகள் சாகும்வரையா நீச்சல் வகுப்புக்குப் போகப் போகிறாள்? நன்றாக நீந்தக் கற்றுக்கொள்ள மூன்று வருடம் என்று தாராளமாக வைத்தாலும் 36 மாதம். 36-ஐ 300 என்று எழுதி வைத்துக்கொண்டு, அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து அவரே பயந்து வெட்டியிருக்கிறார். பிள்ளைகளின் செலவில் பெரும்பாலானது இப்படித்தான்: வரும், கொஞ்ச காலம் கழுத்தைப் பிடிக்கும், போய்விடும். டயப்பர் போனது, காப்பகக் கட்டணமும் போகும். முடிவுள்ள செலவுகளை முடிவில்லாதவற்றோடு ஒரே பத்தியில் போட்டதுதான் அந்த ஷீட்டின் முதல் கோளாறு.

இரண்டாவது கோளாறு இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அவருக்கு 48 ஆகும்போது மகளுக்கு 19, மகனுக்கு 15. உயர்கல்விக் கட்டணம் கட்டத் தொடங்கும் வருடத்தில் சம்பளத்தை நிறுத்துகிறார்! இன்றைய 40 என்பது ஒரு இரண்டு வயதுக் குழந்தையும் ஒரு ஆறு வயதுக் குழந்தையும் இருக்கும் வீட்டின் செலவு. அதை அப்படியே படம்பிடித்து அடுத்த நாற்பது வருடத்துக்கு மாட்டி வைக்க முடியாது. அதனால் கணக்கை இரண்டாக உடையுங்கள். நீங்கள் இருவர் மட்டும் வாழ ஆகும் செலவு ஒரு பக்கம். அதற்கு மடங்கு போடுங்கள். பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கும்வரை ஆகும் மொத்தம் இன்னொரு பக்கம். அதற்கு மடங்கு வேண்டாம், வருடவாரியாகக் கூட்டினால் போதும்.

அந்த 25-ஐயும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த நாட்டுப் பங்கு, கடன்பத்திரங்களின் பழைய வரலாற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், மோசமான காலத்தில் ஓய்வுபெற்றவருக்கும் பணம் 30 வருடம் தாங்கியது என்பது அதன் முடிவு. 25 மடங்கு அதிலிருந்து பிறந்ததுதான். 65 வயதில் ஓய்வுபெறுபவருக்கு 30 வருடம் தாராளம். 48-இல் விடுகிறவர் 90 வரை இருந்தால் 42 வருடம் ஓட்ட வேண்டும். போதாக்குறைக்கு, விட்ட முதல் சில வருடங்களிலேயே சந்தை சரிந்தால், சரிந்த விலையில் விற்றுச் சாப்பிட வேண்டிவரும்; பிறகு சந்தை எழுந்தாலும் எழுவதற்கு நம் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆகவே 30 மடங்காவது வையுங்கள். 13 வருடம் 15 ஆகும். அலுவலகம் தரும் மருத்துவக் காப்பீடு அவர் வேலையை விட்ட அன்றே போய்விடுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது வெட்டிய இடங்களுக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் நோட்டுப் போட்டு, பேருந்துச் சில்லறை வரை எழுதியவள்தான். அதே வருடம் ஒரே கையெழுத்தில் ஒரு வண்டிக் கடன் வாங்கினேன். மூன்று வருடம் எண்ணிச் சேர்த்த சில்லறையை அது மூன்றே தவணையில் விழுங்கியது. சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தால் ஏதோ செய்கிறோம் என்ற திருப்தி கிடைத்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. வீடு, வண்டி, வட்டி. இந்த மூன்றில் ஒன்றை ஒரு தரம் மாற்றினால் வருடம் முழுக்க யாரும் மூக்கைச் சிந்த வேண்டியதில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை குறைவான வீடு கிடைக்குமா? தவணை முடியும் முன்பே அந்தக் காரை விற்றால் என்ன ஆகும்? தவணை, காப்பீடு, பழுது, நிறுத்துமிடம் எல்லாவற்றையும் கூட்டி, உண்மையிலேயே 300 மடங்குக்கு உரியது எது என்று அவரையே கேளுங்கள். இரண்டாவது குழந்தைக்கு எதையும் புதிதாக வாங்காதீர்கள்; அக்காவின் தொட்டில், வண்டி, சட்டை, கதைப் புத்தகம் எல்லாம் தம்பிக்குப் போகட்டும். அவனுக்குத் தெரியாது, கவலையும் இல்லை. ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, தடுப்பூசி, பல் வைத்தியம் இவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வீட்டு வேலைக்கு வந்த அக்காவை நிறுத்தியதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? ஷீட்டில் அதற்கு ஒரு பத்தி இருக்கிறதா? நீங்களும் வேலைக்குப் போய்வருகிறவர். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் தேய்ப்பது உங்கள் கை என்றால், அந்தச் செலவு குறையவில்லை. அவருடைய கணக்கிலிருந்து உங்கள் தூக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பாதிப் பாதி அவரும் செய்கிறார் என்றால் இந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால், ஒரு மாதம் வீட்டு வேலை முழுவதையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்த மாத முடிவில் அக்காவைத் திரும்பக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அவரே சொல்வார்.

பிள்ளைகளோடு இருக்கத்தானே இத்தனையும்? 48-இல் அவர் ஓய்வாக வந்து உட்காரும்போது மகள் வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருப்பாள். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயதில் இருப்பான். அவர் கூட இருக்க ஆசைப்படுகிற அந்தக் குழந்தைகள் இப்போதுதான் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதனால் நான் சொல்ல நினைப்பது வேறு ஒரு வழி. 60 வேண்டாம், 50 சேமியுங்கள். ஒன்பது வருடத்தில், அதாவது அவருடைய 44-இல், ஏறத்தாழ 530 சேர்ந்திருக்கும். அதன் பிறகு ஒரு காசு போடாமல் அதைத் தொடாமல் மட்டும் இருந்தால் போதும். 4 சதவீதத்தில் 18 வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 62 வயதில் 1,070-ஐத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் போனபின் நீங்கள் இருவரும் வருடத்துக்கு 35-இல் வாழ்ந்தால் அது 30 மடங்கு. 44 முதல் நீங்கள் இருவரும் சேர்ந்து அன்றாடச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும், அதாவது இன்றைய வருமானத்தில் பாதி. ஒருவர் விட்டுவிடலாம், அல்லது இருவரும் பாதி நாள் வேலை பார்க்கலாம். அப்போது மகளுக்கு 15, மகனுக்கு 11. இப்போதேகூட அவரால் வாரம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் கிளம்பி வர முடியுமென்றால், அதற்கு ஒன்பது வருடமோ பதின்மூன்று வருடமோ காத்திருக்கத் தேவையில்லை. நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமே.

உங்கள் மகளைப் பற்றி. விலைச் சீட்டைப் பார்த்ததில் எனக்குக் கவலை இல்லை, ஆறு வயதில் அது நல்ல பழக்கம். கவலை "அப்பா கணக்கு" என்ற சொல்லில்தான். வீட்டில் பணமே இல்லையோ என்று குழந்தை உள்ளுக்குள் பயந்திருக்கலாம். "நம்மகிட்ட போதுமான பணம் இருக்கு, எதுக்குச் செலவு பண்றதுன்னு நாங்க யோசிச்சு முடிவு பண்றோம்" என்று இருவரும் சேர்ந்தே அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கென்று ஒரு உண்டியலும் வாரம் ஒரு சிறு தொகையும் கொடுங்கள். அந்தப் பணத்தில் எதை வாங்கினாலும் ஷீட்டில் ஏற்றக் கூடாது, கருத்தும் சொல்லக் கூடாது, முக்கியமாக அவர்.

பெட்டியை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் வாரப் பணம் போதாது, இரண்டு மூன்று வாரம் ஆகும். சேர்ந்ததும் அவளையே அந்தக் கடைக்கு அப்பாவோடு அனுப்புங்கள். காசை அவள் கொடுக்கட்டும், மீதிச் சில்லறையையும் அவளே எண்ணி வாங்கட்டும்.