போஸ்டரை விடுங்கள், பிரிண்டரைப் பாருங்கள்

கேள்வி: 45 பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சுற்றுச்சூழலில் எனக்கு உண்மையிலேயே அக்கறை உண்டு. 'அந்த விஷயமா, அவரைக் கேளுங்கள்' என்று அலுவலகத்திலும் வெளியிலும் பெயர் வாங்க ஆசை. அடுத்த பதவிக்கும் அது கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். 'காகிதத்தை வீணாக்காதீர்' என்று போஸ்டர் ஒட்டினேன், எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். ஒரு மாற்றமும் இல்லை. 'விளம்பரம் தேடுகிறாள்' என்று இரண்டு பேர் காதுபடவே பேசினார்கள். லிங்க்ட்இனில் எழுதத் தொடங்கலாமா, இல்லை, இதையெல்லாம் விட்டுவிடலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: விடவும் வேண்டாம், லிங்க்ட்இனில் இப்போதே எழுதவும் வேண்டாம். நல்ல பெயருக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. செய்து காட்ட ஒரு வேலை கையில் இருப்பதற்கு முன்பே பேச்சு முந்திக்கொண்டது. அது அந்த இரண்டு பேருக்கு மெல்ல அவலாகிவிட்டது, அவ்வளவுதான்.

போஸ்டர் ஏன் பலிக்கவில்லை? ஒவ்வொரு முறை பிரிண்ட் கொடுக்கும்போதும் 45 பேரும் நின்று யோசிக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. அவசரத்தில் யாரும் யோசிப்பதில்லை. திரையில் எது தேர்வாகியிருக்கிறதோ அதிலேயே ஓகே அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தேர்வை ஒரே ஒருமுறை மாற்றிவைத்தால் போதும்: சொல்லாமலே இருபக்கமும் அச்சாகட்டும்.

இதை ஒவ்வொரு கணினியாகப் போய் மாற்றாதீர்கள். ஆள் மாறினால், கணினி மாறினால் பழையபடி ஆகிவிடும். எல்லோருடைய அச்சு வேலையும் போய்ச் சேரும் மையக் கணினியான பிரிண்ட் சர்வரிலேயே மாற்றித் தரும்படி ஐ.டி. ஆட்களிடம் கேளுங்கள். கூடவே அதே பிரிண்டருக்கு 'ஒருபக்கம்' என்ற பெயரில், திரையில் தனிப் பிரிண்டர் போலத் தெரியும் இரண்டாவது அச்சு வரிசை ஒன்றையும் உருவாக்கச் சொல்லுங்கள். லெட்டர்ஹெட், லேபிள், முத்திரை வைத்துக் கையெழுத்திடும் படிவங்கள் ஆகியவற்றுக்கு அது கட்டாயம் வேண்டும். அந்த வழி இல்லாவிட்டால் முதல் நாளே யாராவது ஒருவரின் லெட்டர்ஹெட் பின்பக்கமும் அச்சாகி வீணாகும். மறுநாள் எல்லாமே பழைய அமைப்புக்குத் திரும்பியிருக்கும். எந்தெந்த ஆவணங்கள் ஒருபக்கம்தான் இருக்க வேண்டும் என்ற பட்டியலைக் கேலி பேசிய அந்த இருவரிடமே கேட்டு வாங்குங்கள். தங்கள் பங்கும் இருக்கும் வேலையைக் கேலி பேசுவது கடினம்.

அடுத்த இடைஞ்சல் தாள் சிக்குவது. லேசர் பிரிண்டர் முதல் பக்கத்தை அச்சிடும்போது சூடான உருளை தாளின் ஈரப்பதத்தை ஆவியாக்கிவிடுகிறது. தாள் லேசாகச் சுருண்டு, அந்தச் சுருளோடே இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பி வருகிறது. தாள் ஏற்கெனவே காற்றின் ஈரத்தை வாங்கியிருந்தால் சுருள் இன்னும் கூடும். அதனால் ரீமை (500 தாள் கட்டு) ட்ரேயில் போடும்போதுதான் பிரிக்க வேண்டும். மீதியை உறையோடு தட்டையாக வைக்க வேண்டும். மிக மெல்லிய தாள் ஆகாது, எழுத்து மறுபக்கம் தெரியும். மாற்றத்துக்கு முந்தைய வாரமே தாளை இழுக்கும் ரோலர்களைச் சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள். முதல் வாரத்தில் நான்கு தடவை சிக்கினால் திட்டு பிரிண்டருக்கு விழாது, உங்களுக்கு விழும்.

இனி அளவு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பிரிண்டரின் மொத்தக் கவுண்டரை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். பெரும்பாலான பிரிண்டர்களில் அது அச்சான பக்கங்களையே எண்ணும்; ஒரு தாளின் இருபுறமும் அச்சிட்டால் இரண்டு என்று காட்டும். நீங்கள் எவ்வளவு மிச்சப்படுத்தினாலும் அந்த எண் குறையாது. நீங்கள் கணக்குப் பிரிவு, வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: தொடக்க இருப்பு, கொள்முதல், இறுதி இருப்பு. மாதத் தொடக்கத்தில் 12 ரீம், வாங்கியது 40, கடைசியில் 9 என்றால் செலவானது 43. 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் 2.5 கிலோ. ஆக, 107.5 கிலோ காகிதம். மாற்றத்துக்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் இப்படிக் கணக்கெடுங்கள். ஆண்டு முடிவு, தணிக்கை மாதங்கள் இந்த இரண்டில் ஒரு மூன்று மாதத்தில் மட்டும் விழுந்தால் ஒப்பீடு கெட்டுப்போகும். மேலாளரிடம் 'பாதியாகக் குறையும்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே பக்கமுள்ள ஆவணத்துக்கு எப்படியும் ஒரு தாள் போகும்.

இது நிலைபெற்ற பிறகு, இரவில் அணைக்காமல் விட்டுப்போகும் கணினிகளைப் பாருங்கள். திரையோடு சேர்த்து ஒரு கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 மணி நேர இரவுக்கு 0.84 யூனிட், 40 கணினிக்கு 33.6 யூனிட். உங்கள் அலுவலக எண் வேறாக இருக்கும். பிளக்கில் செருகும் வாட் மீட்டரை மூன்று கணினிகளில் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஸ்கிரீன்சேவர் ஓடினால் மின்சாரம் மிச்சமாகாது; ஸ்லீப் நிலைக்குப் போக வேண்டும். 'எல்லாரும் அணையுங்கள்' என்று நீங்களாக அறிவிக்காமல் முதலில் ஐ.டி. பிரிவிடம் பேசுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுகளைப் பல இடங்களில் இரவில்தான் ஏற்றுகிறார்கள்; சிலர் வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். அப்டேட்டுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, அப்போது மட்டும் கணினிகளை எழுப்ப நெட்வொர்க் வழியாகவே முடியும்.

உங்களுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிலில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். பயணப் படிக் கோரிக்கைகள் உங்கள் மேசைக்கு வருகின்றன அல்லவா? அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: எந்த வாகனம், எத்தனை கிலோமீட்டர். தொகை மட்டும் இருந்தால் அதிலிருந்து உமிழ்வை, அதாவது வெளியான கரியமில வாயு போன்றவற்றின் அளவைத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். நிறுவனங்களின் உமிழ்வுக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படும் ஜி.எச்.ஜி. (பசுமை இல்ல வாயு) புரோட்டோகால் என்ற வழிமுறை 2001-இல் முதலில் வெளியானது. அதில் உமிழ்வுக்கு மூன்று பிரிவுகள்: நிறுவனம் நேரடியாக எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, வாங்கும் பொருள்களும் அலுவல் பயணமும் ஸ்கோப் 3. உங்கள் ரீம் கணக்கும் பயணக் கிலோமீட்டரும் மூன்றாவதில் போய் உட்காரும். என்றாவது நிர்வாகம் உமிழ்வு அறிக்கை தயாரிக்க நினைத்தால், ஒழுங்கான தரவு வைத்திருப்பவரைத்தான் தேடி வரும். நீங்கள் கேட்ட பெயர் அப்படித்தான் வரும்.

பேசும் நேரம் ஆறு மாதம் கழித்து வரும். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இப்படி எழுதலாம்: 'இருபக்க அச்சை இயல்புநிலையாக்க முன்மொழிந்து, ஐ.டி. பிரிவுடன் சேர்ந்து நடைமுறைப்படுத்தினேன். மூன்று மாதச் சராசரியில் காகிதப் பயன்பாடு மாதம் 43 ரீமிலிருந்து 31 ரீமாகக் குறைந்தது.' எண்கள் உங்களுடையவையாக இருக்கட்டும். சேர்ந்து செய்தவர்களை விட்டுவிடாதீர்கள்.

லிங்க்ட்இனில் எழுதுமுன் மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அங்கே ரீம் எண்ணிக்கை வேண்டாம், 'சுமார் 28 சதவீதம் குறைந்தது' என்பது போதும். 'இத்தனை மரங்களைக் காப்பாற்றினோம்' என்று எழுத வேண்டாம். மர வகை, கூழ் செய்யும் முறை, மறுசுழற்சிப் பங்கு என எல்லாவற்றையும் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். செய்ததைவிடப் பெரிதாகச் சுற்றுச்சூழல் அக்கறை காட்டிக்கொள்வதைக் குறிக்கும் 'கிரீன்வாஷிங்' என்ற சொல்லே 1986-இல் அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட், குளியல் துண்டுகளை மறுபடி பயன்படுத்தச் சொல்லிச் சுற்றுச்சூழல் பேசிய ஹோட்டல்களைக் குறைகூறியபோது பிறந்ததுதான். முதல் வாரத்தில் தாள் சிக்கியதையும் அதைச் சரிசெய்த விதத்தையும் சேர்த்து எழுதுங்கள். இதே வேலையில் இறங்கும் இன்னொருவருக்கு உங்கள் பதிவில் உதவப்போவது அந்தப் பத்திதான்.

இந்த மாதக் கடைசி வேலை நாளில், எல்லோரும் கிளம்பிய பிறகு அலமாரியைத் திறந்து ரீம்களை எண்ணித் தேதியோடு குறித்துவையுங்கள். ட்ரேயில் இருப்பதைச் சேர்க்க வேண்டாம். போகிற போக்கில் அந்தப் போஸ்டரையும் கழற்றிவிடலாம்.