கதவு திறக்கவில்லை, பிளெஸ் போய்விட்டது

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டத்தில் ஐந்து பேராக ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம் ஆடுகிறோம். 2014 விதிகள்தான். போன வாரம் என் கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) மூன்று பேருக்கு பிளெஸ் (பகடை உருட்டலில் கூடுதல் தரும் ஆசி மந்திரம்) போட்டிருந்தான். அப்புறம், "கதவைத் திறந்து யார் வந்தாலும் கைடிங் போல்ட் விடுவேன்" என்று ரெடி சொன்னேன்; கைடிங் போல்ட் ஒரு தாக்கும் மந்திரம், ரெடி என்றால் ஒன்று நடந்ததும் செய்யக் காத்திருப்பது. கதவு திறக்கவே இல்லை. பிளெஸ்ஸும் போச்சு, ஸ்லாட்டும் (மந்திரம் போடச் செலவாகும் இருப்பு) போச்சு என்றார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). கைடிங் போல்ட்டுக்குத்தான் கான்சென்ட்ரேஷன் (மந்திரம் கலையாமல் மனதைக் குவித்துப் பிடித்திருப்பது) கிடையாதே? விடாத மந்திரத்துக்கு ஸ்லாட் எப்படிப் போகும்? அடுத்த சண்டையில் மறுபடி பிளெஸ் போட்டேன். இரண்டு அம்பு பட்டது, சேதம் 14ம் 12ம். கூட்டி ஒரே சேவ் (கான்சென்ட்ரேஷன் கலைகிறதா என்று பார்க்கும் பகடை உருட்டல்) போடச் சொன்னார். சரியா?

ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் தீர்ப்பில் டிஎம் பக்கம்தான் நியாயம். ரெடி சொன்னால் மந்திரத்தைப் பிறகு சொல்லப்போகிறோம் என்று நினைக்கிறோம். விதி அப்படி இல்லை. உங்கள் டேர்னிலேயே மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டீர்கள். ஸ்லாட் அங்கேயே செலவாகிவிட்டது. பாக்கி இருப்பது அதைக் கையிலிருந்து விடுவது மட்டும். அதற்குத்தான் அடுத்தவர் டேர்னிலும் செய்யக்கூடிய ரியாக்‌ஷன். எதிரி கவுன்டர்ஸ்பெல் (மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்) போட நினைத்தாலும், நீங்கள் சொல்லும்போதே போட வேண்டும், விடும்போது அல்ல.

அப்படிப் பிடித்து வைத்திருக்கத்தான் கான்சென்ட்ரேஷன் தேவை. எந்த மந்திரமானாலும் இதே கதைதான். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்பதால் பிளெஸ் போய்விடுகிறது. விதிப் புத்தகமே உதாரணம் சொல்கிறது: கான்சென்ட்ரேஷன் கேட்கும் வெப் மந்திரம் போட்டிருப்பவர் மேஜிக் மிஸைலை ரெடி செய்தால் வெப் போய்விடும். மேஜிக் மிஸைலுக்கும் கான்சென்ட்ரேஷன் கிடையாது, பாருங்கள். உங்கள் அடுத்த டேர்ன் தொடங்குவதற்குள் கதவு திறக்காவிட்டால் பிடித்ததும் கலைந்துவிடும்.

என் சித்தி தோவாளையில் பூ கட்டுகிறவள். விடியும் முன்னே உட்கார்ந்து பிச்சிப்பூவை வாழைநாரில் கட்டுவாள். பேசுவாள், விலை சொல்வாள், வண்டிக்காரனைத் திட்டுவாள். விரல் தன்பாட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும். கான்சென்ட்ரேஷனும் அப்படித்தான். நடக்கலாம், அடிக்கலாம், கான்சென்ட்ரேஷன் கேட்காத வேறு மந்திரத்தை அந்த டேர்னிலேயே விடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் யாராவது கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து தோளில் இடித்தால் நார் நழுவும். அதுதான் சேவ். பாதி கட்டிய சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு சரத்தைத் தொடங்க அவளாலும் முடியாது.

அம்பு விஷயத்தில் டிஎம் சொன்னது தப்பு. ஒவ்வொரு அடிக்கும் தனித்தனி சேவ். 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அதுதான் இலக்கு. 14க்குப் பாதி 7, 12க்கு 6. ஆக இரண்டு தடவையும் 10தான். கூட்டினால் 26, அதற்கு 13 ஆகிவிடுகிறது. ஒரே அடியில் 22 சேதம் வந்தால்தான் இலக்கு 10ஐத் தாண்டும். பிளெஸ்ஸில் உங்களையும் சேர்த்திருந்தால் அந்த சேவுக்கும் நாலுமுகப் பகடையைக் கூட்டிக்கொள்ளலாம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

டிஎம்மிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "ரெடி செய்தால் பிளெஸ் போகும், சரியா?" என்று அவர் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் கிளெரிக்குக்குத் தெரிந்திருக்கக்கூடிய விஷயம் அது. ஆடுகிறவருக்குத் தெரியவில்லை என்பதற்காக அவன் நஷ்டப்படக் கூடாது. நாகர்கோவிலில் நாங்கள் ஆடும்போது ஆளுக்கு ஒரு மஞ்சாடி முத்து கொடுத்திருக்கிறோம். கான்சென்ட்ரேஷன் போட்டவர் அதை அந்த மந்திரத்தின் பெயர் எழுதிய சீட்டின் மேல் வைக்க வேண்டும். ரெடி சொன்னால் முத்தை எடுத்து வேறு சீட்டில் வைத்தாக வேண்டும். சிவப்பாக இருப்பதால் மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும். கை முத்தைத் தொடும்போதே யாராவது "ஐயோ, பிளெஸ்!" என்று கத்திவிடுவார்கள்.

அடுத்த முறை கதவைக் காக்க வேண்டி வந்தால் ஆயுதத்தால் அடிப்பதாக ரெடி சொல்லுங்கள். அதற்குக் கான்சென்ட்ரேஷன் வேண்டாம். பிளெஸ்ஸும் நிற்கும், அதில் நீங்களும் இருந்தால் அதன் பகடை அந்த அடி படுகிறதா என்று பார்க்கும் உருட்டலுக்கும் சேரும். சேக்ரட் ஃப்ளேம் கான்ட்ரிப்தானே (ஸ்லாட் செலவாகாத சின்ன மந்திரம்) என்று அதை ரெடி செய்துவிடாதீர்கள். அதுவும் மந்திரம்தான், பிளெஸ் போய்விடும்.