மென்பொருள் ஸ்டார்ட்அப் தொடங்குகிறோம், வக்கீலுக்குச் செலவழிக்க அதிகம் பணமில்லை. சட்ட விஷயங்களை எங்கிருந்து ஆரம்பிப்பது, என்ன டூல் வேண்டும்?

நண்பர்கள் இருவர் சேர்ந்து ஆப்பை எழுதிவிட்டீர்கள், கொஞ்சம் வேலையை ஒரு ஃப்ரீலான்சர் செய்து கொடுத்திருக்கிறார், கம்பெனி இன்னும் பதிவாகவில்லை என்கிறீர்கள். டூலை அப்புறம் பார்க்கலாம். இந்த கோட் யாருக்குச் சொந்தம் என்பதற்குக் கையெழுத்தோடு காகிதம் இருக்கிறதா? வக்கீலிடம் ஒரு மணி நேரம்தான் பேச முடியும் என்றால் அதை முழுக்க இதற்கே செலவிடுங்கள்.

பல நாடுகளில் ஃப்ரீலான்சர் எழுதிய கோடின் பதிப்புரிமை, நீங்கள் முழுப் பணமும் கொடுத்துவிட்டாலும், எழுத்தில் மாற்றித் தரும்வரை அவரிடமே இருக்கும். இன்வாய்ஸ் அதற்கு ஈடாகாது. நீங்கள் இருவரும் எழுதியதும் அப்படித்தான், கம்பெனி பதிவானதும் தானாக அதன் பெயருக்குப் போய்விடாது. உங்களில் ஒருவர் இன்னும் வேறிடத்தில் வேலை பார்த்தால் அவருடைய வேலை ஒப்பந்தத்தைக் கட்டாயம் வக்கீலிடம் காட்டுங்கள், வீட்டில் உட்கார்ந்து எழுதியதையும் முதலாளி உரிமை கோரும்படி சிலதில் எழுதியிருக்கும். முதலீட்டாளர் வந்ததும் தோண்டிப் பார்ப்பது இதைத்தான். அந்த நேரத்தில் போய்க் கையெழுத்துக் கேட்டால் ஃப்ரீலான்சர் சொல்வதுதான் விலை.

அடுத்தது நிறுவனர் பங்கு. பாதிப்பாதி என்று வாய்வார்த்தையாகப் பேசி முடித்துவிடாதீர்கள், வெஸ்டிங் போடுங்கள், அதாவது பங்கு முழுதும் உடனே கைக்கு வராமல், வேலை செய்யும் காலத்துக்கு ஏற்பப் படிப்படியாகச் சேரும் ஏற்பாடு. வழக்கமானது 4 ஆண்டு, அதில் முதல் ஆண்டு கிளிஃப், அதாவது அது முடியும்வரை பங்கு சேராது: 11-ஆவது மாதத்தில் விலகினால் எதுவும் கிடையாது, 12 மாதம் முடிந்தால் கால் பங்கு, பிறகு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நட்பு நன்றாக இருக்கும்போதே இதைப் பேசி முடிப்பது இருவருக்குமே நல்லது, மனஸ்தாபம் வந்தபிறகு யாரும் பேச உட்கார மாட்டார்கள்.

ஆப்பில் சேர்த்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளை (மற்றவர்கள் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட கோட்) இப்போதே பட்டியல் எடுங்கள், ஒவ்வொன்றின் லைசென்ஸிலும் நிபந்தனை இருக்கும். எம்ஐடி லைசென்ஸ் என்றால் பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். ஜிபிஎல் என்ற லைசென்ஸில் உள்ள கோடைச் சேர்த்து விநியோகித்தால் உங்கள் சோர்ஸ் கோடையும் தர வேண்டியிருக்கலாம். ஏஜிபிஎல் லைசென்ஸ் இன்னும் ஒரு படி மேலே, மாற்றியமைத்து சர்வரில் மட்டும் ஓட்டினாலும் பயனர்களுக்கு சோர்ஸ் கொடுக்கச் சொல்கிறது. எந்த லைப்ரரியில் எந்த லைசென்ஸ் என்று தேடித் தரும் ஸ்கேன்கோட், ஃபாஸாலஜி டூல்கள் இரண்டுமே இலவசம், ஓடவிட்டுப் பாருங்கள்.

மற்றதற்கு டெம்ப்ளேட் போதும். முதல் முதலீட்டுக்கு ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டர் 2013-இல் கொண்டுவந்த சேஃப் ஆவணம், அதாவது இப்போது தரும் பணத்தைப் பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம், அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது (2018-இல் வந்த ‘போஸ்ட்-மணி’ என்ற திருத்திய வடிவம்தான் இப்போது புழக்கத்தில்), ஆனால் உங்கள் நாட்டுச் சட்டத்துக்குப் பொருந்துமா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிரைவசி பாலிசியை வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடவே கூடாது, நீங்கள் எடுக்காத தகவலை எடுப்பதாகவும் எடுப்பதை எடுக்கவில்லை என்றும் அது சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு ஆப்பை வழங்கினால், நீங்கள் எங்கே இருந்தாலும் அங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தும். பங்குக் கணக்குக்கு இரண்டு பேர் இருக்கும்வரை ஒரு எக்செல் ஷீட்டே தாராளம்.

வக்கீல் விஷயத்தில், ஸ்டார்ட்அப் வேலை செய்து பழகியவராகத் தேடுங்கள், மணிக்கணக்கில் இல்லாமல் மொத்தமாக எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். கம்பெனிக்கு வக்கீல் என்றால் அவர் கம்பெனிக்குத்தான் வக்கீல், உங்கள் இருவருக்கும் சண்டை வந்தால் தனித்தனி ஆள் வேண்டும். போவதற்கு முன் யார் எந்தப் பகுதியை எப்போது எழுதினார், யாருக்கு எவ்வளவு பணம் போனது, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள், பாதி நேரம் மிச்சம்.