குறிஞ்சிக் கட்டுரையைத் தள்ளி வையுங்கள்

நண்பரே, மசினகுடி யானை வழித்தடத்தைப் பற்றி ஊர் மலருக்கு எழுதத் தொடங்கினீர்கள். உங்கள் மாமா அங்கே விடுதி நடத்துவதால் அதை விட்டுவிட்டுக் குறிஞ்சிப் பூவைப் பற்றி எழுதலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கதை எல்லோருக்கும் தெரியும்.

மசினகுடி அடங்கிய சீகூர் பீடபூமி யானை வழித்தடத்தைத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது. 2011இல் உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன. ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. இவை பதிவானவை, அப்படியே எழுதுங்கள். பிறகு நீங்கள் கண்டது வரட்டும்: வேலி போட்ட பின் யானைகள் எந்தப் பக்கம் திரும்பின, விடுதிகளில் சமைத்தும் துணி துவைத்தும் பிழைக்கும் இருளர் பெண்கள் விடுதிகள் மூடப்பட்டு வேலை போனால் எங்கே போவார்கள். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள். அங்கே நிதானமாக நில்லுங்கள்.

கோத்தகிரியில் பசுந்தேயிலை விலை பற்றி நான் எழுதியபோது, இலை வாங்குவோர் எடையில் கழிக்கும் கணக்கைச் சொன்ன பத்தியைப் பயந்து நானே வெட்டினேன். அச்சான பின் ஒரு சிறு விவசாயி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அது எங்கே?" என்றார். இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

மாமாவிடம் மறைக்காதீர்கள். அச்சுக்கு முன் அவர் வீட்டுக்கே போய் விடுதி பற்றிய பகுதியை வாசித்துக் காட்டுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் சேருங்கள், பெயர் வேண்டாம். முதல் வரைவை இங்கே போடுங்கள், வரி வரியாகப் படிக்கிறேன்.