கண்ணாடி போட்டால் 6/6 தெரிகிறது, ஆனால் பொழுது சாய்ந்தால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிவது ஏன்?

எனக்கும் கிட்டப்பார்வைதான், கண்ணாடி பவர் வலது -6.5, இடது -6. "கடையில் பார்வை சரி என்கிறார்கள், வீட்டில் வீண்பயம் என்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை. வீண்பயம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், நிலாவெளியில் டியூஷன் முடித்துவிட்டுத் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆறரை மணி இருக்கும், லைட் போட்டாலும் போடாத மாதிரியே இருக்கிற நேரம். சாம்பல்தீவுப் பக்கம் நடு ரோட்டில் கறுப்பு மாடு ஒன்று படுத்திருந்தது. தார் எது மாடு எது என்று எனக்குப் பிரியவே இல்லை. அது காதை ஆட்டியதுதான் முதலில் தெரிந்தது. பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்ததில் முழங்கை கிழிந்து ஆறு தையல். "அண்ணா, நான் எப்பவோ பார்த்திட்டன், நீங்களும் பார்த்திருப்பீங்கள் எண்டு இருந்திட்டன்" என்றான் தம்பி. அவனுக்குக் கண்ணாடி கிடையாது.

அதே மாதம்தான் கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையை வாசிக்க வைத்துச் சோதித்து 6/6, அதாவது ஆறு மீற்றரில் தெரிய வேண்டியது தெரிகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த எழுத்து அட்டை 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் டொக்டர் செய்தது. வெள்ளையில் கடும் கறுப்பு எழுத்து, எவ்வளவு சிறியதை வாசிக்கிறோம் என்பதை மட்டும் அது சொல்லும். மங்கலில் மங்கலைப் பிரித்தறிவதுதான் கொன்ட்ராஸ்ட், அது வேறு. அதற்கு பெல்லி-ரொப்சன் அட்டை என்று ஒன்று 1988இலிருந்து இருக்கிறது: எழுத்தெல்லாம் ஒரே அளவு, மூன்று மூன்றாக வெளிறிக்கொண்டே போகும். பிறகு ஒரு கண் டொக்டர் அதை வைத்துப் பார்த்தபோது, தம்பி வாசிக்கக்கூடிய வரிசைகள் எனக்கு வெறும் வெள்ளைச் சுவர்.

அவர் கண்டுபிடித்தது இவை. கடைக்காரர் "பவர் ஏறாமல் இருக்கும்" என்று 0.5 குறைத்துப் போட்டிருந்தார். பளிச்சென்ற அறையில் கண்மணி சுருங்கியிருக்கும், அந்தக் குறை மறைந்துவிடும். இருட்டில் கண்மணி விரிந்தால் கலங்கல் வெளியே வரும். குறைத்துப் போட்டால் பவர் ஏறாது என்பதும் தவறு, பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் அதனால் பலன் தெரியவில்லை. அடுத்தது லென்ஸ். உப்புக்காற்று படிந்த கண்ணாடியை நான் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து லென்ஸ் முழுக்க மயிரிழைக் கீறல், எதிரே வரும் பஸ்ஸின் வெளிச்சம் அதில் சிதறிக் கண் முழுக்கப் பரவும். வெளிச்சம் தெறிக்காமல் தடுக்கும் கோட்டிங்கும் இல்லை. கோட்டிங் இல்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் 8% அளவு வெளிச்சம் தெறித்துப் போகும், நம்மைப் போன்ற பெரிய பவர்காரர் வாங்கும் 1.67 (ஒளியை வளைக்கும் திறனின் எண்) மெல்லிய லென்ஸில் 12% வரை போகும். காசு மிச்சம் என்று கோட்டிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

புதுக் கண்ணாடி போட்டதும் பாதிக்கு மேல் சரியானது. முழுதாக ஆகவில்லை. பவர் கூடக் கூடக் கண் நீண்டு விழித்திரையும் இழுபடுகிறது, அதைக் கண்ணாடி திருத்தாது. ஆண்டுக்கொருமுறை கண்ணுக்கு மருந்துவிட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறேன், கட்டராக்ட் (கண்புரை), குளுக்கோமா (கண் நரம்பு பழுதாகும் நோய்) இருந்தாலும் கொன்ட்ராஸ்ட் குறையும்.

நான் டொக்டர் இல்லை, கணக்கு வாத்தியார். "கறுப்பு மாடு இருட்டில் யாருக்குத்தான் தெரியும்" என்று யாராவது வந்து எழுதுவீர்கள். தம்பிக்குத் தெரிந்ததே. அதோடு இதையும் சொல்லிவிடுகிறேன், பால் கறந்துவிட்டு மாட்டை ரோட்டில் விடுகிறவர்கள் அதன் கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டி ஒன்றாவது கட்டக் கூடாதா? அடிபட்டால் மட்டும் உடனே சொந்தக்காரர் வந்துவிடுகிறார்.

உங்கள் பவர் எவ்வளவு, லென்ஸ் எத்தனை வருடப் பழையது, கோட்டிங் இருக்கிறதா என்று எழுதுங்கள்.